முதல் மாதம் கேமரா வேண்டாம்

(உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்காலப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு டீச்சர் கேட்டார்: “சார், எங்க ஸ்கூல்ல வீடியோ வகுப்பு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ஊர்க்காரர் ஒருத்தர் அம்பதாயிரம் தர்றேன்னு சொல்லியிருக்கார். எந்தக் கேமரா வாங்கலாம்?” மேடையில் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன். எந்தக் கேமராவும் வாங்காதீர்கள். சட்டையில் மாட்டுகிற காலர் மைக் ஒன்று, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் இரண்டு, இவை போதும். மீதிப் பணத்தை அந்தப் புண்ணியவானிடமே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் கேமரா வேண்டாம்.

நான் ஒலிப்பதிவாளன். 31 வருஷம் தொலைக்காட்சியில் மைக் பிடித்தவன். கேமராமேன் பெயர் டைட்டிலில் தனியாக நின்று போகும். என் பெயர் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிடும். அந்தப் பொருமலில் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் உண்டு, மறைப்பானேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷமாகச் சனிக்கிழமைகளில் மதுரைக்கு மேற்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வருஷம் நானும் கேமராவைத்தான் முதலில் கொடுத்தேன். பதினெட்டுப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். தலை வாரினார்கள், கூலிங் கிளாஸ் மாட்டினார்கள். மூன்று சனிக்கிழமை போனது. வெளியில் ஒரு ஊர் இருக்கிறது என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மறு வருஷம் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது முதல் நாள் இப்படித்தான் தொடங்கும். எல்லாரும் கண்ணை மூட வேண்டும். மூன்று நிமிடம். காதில் விழுந்ததையெல்லாம் பிறகு நோட்டில் எழுத வேண்டும். முதல் முறை எல்லாருமே நாலைந்துதான் எழுதுவார்கள்: காகம், லாரி, ஃபேன், பக்கத்துத் தெரு ரைஸ்மில். ஒரு பையன் “என் வயிறு” என்று எழுதியிருந்தான். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான். இரண்டாவது முறை பட்டியல் பத்தைத் தாண்டும். ஒரு பெண் எழுதினாள்: “மூணாவது ஃபேன் மட்டும் சுத்துக்கு ஒருதரம் கிறீச்சுங்குது.” எட்டு மாதமாக அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள், அன்றைக்குத்தான் அதைக் கேட்டிருக்கிறாள்.

அதன் பிறகு ஒருவனை வகுப்பின் முன்னால் நிறுத்தி, கடைசி பெஞ்சிலிருந்து செல்போனில் அவன் பேச்சைப் பதிவு செய்வோம். திரும்பப் போட்டுக் கேட்டால் பையன் குரலைக் காணோம். ஃபேன் மட்டும் இரைகிறது. “சார், ஹெலிகாப்டர் இறங்குற மாதிரி இருக்கு” என்பார்கள். நம் காதுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. அது வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை எடுத்துக் கொடுக்கும். மைக்குக்கு அந்த மூளை கிடையாது, வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆகவே நாம்தான் பக்கத்தில் போக வேண்டும். எவ்வளவு பக்கத்தில்? ஒரு சாண். வாயிலிருந்து ஒரு சாண். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் ஒலியின் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். இது உங்கள் அறிவியல் ஆசிரியரே நடத்தக்கூடிய பாடம். ஃபேனின் இரைச்சலோ அறை முழுக்க நிறைந்திருக்கிறது, நீங்கள் எங்கே நின்றாலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் குரலுக்கு நெருங்கி நின்றவன் ஜெயிப்பான். அதைவிட எளிய வழி, ஃபேனை நிறுத்துவது. மே மாதத்தில் நிறுத்திப் பாருங்கள், பிள்ளைகள் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று.

இன்னொரு பழக்கம். எந்த இடத்தில் பதிவு செய்தாலும் முடிந்ததும் முப்பது விநாடி யாரும் பேசாமல் அந்த இடத்தின் சும்மாச் சத்தத்தைப் பதிய வேண்டும். எடிட்டிங்கில் இரண்டு பேச்சுக்கு நடுவே இடைவெளி விட்டால் அங்கே அந்த முப்பது விநாடியிலிருந்து கிள்ளி ஒட்டலாம். இல்லையென்றால் சத்தம் பள்ளத்தில் விழுந்த மாதிரி இருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது விநாடி சிரிக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு மாதம் ஆகிறது. ஆசிரியர்களுக்கு எவ்வளவு ஆகும் என்று நான் சோதித்ததில்லை.

இது காது. அடுத்தது நாக்கு.

ஸ்டுடியோ இல்லையே, எதை ஒளிபரப்புவது என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவில் 1984-இல் வந்த கேபிள் சட்டப்படி, ஊர் நிர்வாகங்கள் கேபிள் கம்பெனிகளிடம் பொதுமக்களுக்கும் கல்விக்கும் என்று சேனல் கேட்டு வாங்க முடிந்தது. அப்படிச் சேனல் கிடைத்த ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஸ்டுடியோக்கள் வந்தன. காலை அறிவிப்பை மாணவர்களே வாசித்து வகுப்பறைத் திரைகளுக்கு அனுப்புவது அங்கே சாதாரணம். நம்மிடம் அது இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது, அதை நாம் ஒளிபரப்பு என்று நினைப்பதே இல்லை. பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், உறுதிமொழி, செய்தி வாசிப்பு. ஐந்நூறு நேயர்கள், ஒருவரும் சேனல் மாற்ற முடியாது. எந்தத் தொலைக்காட்சிக்கு இந்த வசதி உண்டு?

அந்தச் செய்தி வாசிப்பு எப்படி நடக்கிறது? ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் ரூம் பேப்பரைப் பிடுங்கி, தலைப்பை அவசரமாகக் காப்பியடித்து, மைக் முன்னால் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். மதியம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பிடித்து, காலையில் என்ன செய்தி சொன்னார்கள் என்று எங்கள் பிள்ளைகளையே கேட்கச் சொன்னேன். “திருக்குறள் சொன்னாங்க” என்றான்.

அவன்மேல் தப்பில்லை. பேப்பர் வாக்கியம் கண்ணுக்காக எழுதப்பட்டது. இந்த மாதிரி இருக்கும்: “கடந்த மூன்று நாட்களாகப் பெய்துவரும் கனமழை காரணமாக அணையின் நீர்மட்டம் வேகமாக உயர்ந்துவருவதைத் தொடர்ந்து, கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்தியுள்ளது.” நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். படிக்கிறவன் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கேட்கிறவனுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ‘அறிவுறுத்தியுள்ளது’ வந்து சேருவதற்குள் மழை எங்கே, அணை எங்கே என்று மறந்துவிடும். பிள்ளைகளிடம் சொன்னேன்: உங்கள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், ஓடிப்போய்ச் சொல்லுங்கள் என்று. ஒரு பையன் எழுதினான்: “ஆத்தங்கரையில இருக்கிறவங்க மேட்டுக்குப் போகணுமாம். மாவட்ட நிர்வாகம் சொல்லியிருக்கு. மூணு நாளா மழை. அணை நிறையுது.” நாலு வாக்கியம். முக்கியமானது முதலில் வந்துவிட்டது. இதைச் சற்றே மேடைத் தமிழுக்குத் தேய்த்தால் செய்தி தயார். மைக்குக்கு எழுதும் தமிழ், கட்டுரைத் தமிழும் இல்லை, தெருத் தமிழும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது, அதில் நடக்கப் பழக வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் மழை என்றால் ‘மள’, கோழி ‘கோளி’, வாழைப்பழம் ‘வாளப்பளம்’. நான் வளர்ந்ததும் அப்படித்தான். தில்லியிலிருந்து வானொலியில் சரோஜ் நாராயணஸ்வாமி செய்தி வாசிப்பதையும், இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்களையும் கேட்டுக் கேட்டுத்தான் என் நாக்கு மடங்கியது. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி இது: செய்தி வாசிக்கிறவன் ழகரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும், அது தொழில். ஆனால் பேட்டி கொடுக்கிற பாட்டி ‘மள பேயல’ என்றால் அதில் கை வைக்கக் கூடாது, அது அவர் வீடு. பையனைக் கேலி செய்தும் திருத்தக் கூடாது. கேலி செய்தால் ழகரம் வருகிறதோ இல்லையோ, அவன் மைக் பக்கமே வரமாட்டான். ஒரு தமிழாசிரியரிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போகலாம். நம் நாட்டில் தொலைக்காட்சி, செப்டம்பர் 15, 1959-இல் தில்லியில் சோதனையாக ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில், 1961-இல், தில்லிப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பு வந்துவிட்டது. தினசரி ஒளிபரப்பு 1965-இல்தான். அதாவது வீட்டுக் கூடத்துக்கு முன்பே வகுப்பறைக்குள் நுழைந்த பெட்டி அது. 1975-இல் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருஷம் நிகழ்ச்சி காட்டினார்கள். காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதே 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி. நம் மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆகஸ்ட் 26, 2019-இல் வந்தது. அடுத்த வருஷமே பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது கைகொடுத்தது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்த அறையில் சிலர் அதில் பாடம் நடத்தியும் இருப்பீர்கள்.

எல்லாம் நல்ல காரியங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கவனித்தீர்களா, அத்தனையிலும் பிள்ளை பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அமெரிக்காவில் 1990-இல் சேனல் ஒன் என்று ஒன்று வந்தது. பள்ளிகளுக்கு டி.வி. பெட்டியும் டிஷ்ஷும் இலவசம். பதிலுக்குத் தினமும் 12 நிமிடச் செய்தியைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், அதில் 2 நிமிடம் விளம்பரம். இன்றைக்குப் பேர்பெற்ற செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பரெல்லாம் அங்கே வேலை பார்த்துப் போனவர்தான். செய்தி தரமாகவே இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பறைக்குள் உட்கார்ந்து மிட்டாய் விளம்பரம் பார்க்கிற பையனுக்கு, அந்தச் செய்தி எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒருவரும் காட்டவில்லை. பெட்டிக்குப் பின்னால் போய் ஒருமுறை நின்றுவிட்டவனை அதற்குப் பிறகு எந்தப் பெட்டியும் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. நான் சனிக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போவது அதற்காகத்தான்.

இரண்டாம் மாதம். பீரோ திறக்கிறது. கேமரா என்றால் டீச்சரின் பழைய செல்போன்.

எடுத்தவுடன் ஒரு வேடிக்கை காத்திருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஏறி இறங்கும். போன் ரிப்பேர் என்று நினைப்பார்கள். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒரு விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது; கண்ணுக்குத் தெரியாது. போன் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. இரண்டும் தாளம் சேரவில்லை. ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்து, படத்தை விநாடிக்கு 25 ஆக்கினால் பட்டை மறையும். நம் தொலைக்காட்சி 25 படம் என்று வைத்துக்கொண்டதும் மின்சாரத்தோடு ஒத்துப்போகத்தான். “அப்ப அமெரிக்காவுல ஏன் சார் முப்பது?” என்று ஒரு பெண் கேட்டாள். அங்கே கரண்ட் 60 சுற்று. இயற்பியல் புத்தகத்தில் இருந்த எண் ஒன்று சுவரில் ஊர்ந்து போவதைப் பார்த்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. மற்ற செட்டிங்குகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஆனால் கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்பது அவர்களுக்குத் தெரியாது. இதற்கு நான் பஸ்தாபூர் பெண்களைத்தான் சொல்லுவேன். இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் உள்ள ஊர். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பைச் சேர்ந்த பெண்கள், விவசாயக் கூலிகள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண்கள், வீடியோ எடுக்கக் கற்றார்கள். ஹை ஆங்கிள், லோ ஆங்கிள் என்று யாரோ சொன்னது அவர்களுக்கு ஒட்டவில்லை. தாங்களே பெயர் வைத்தார்கள். பட்டேல் ஷாட், அடிமை ஷாட் என்று மேலும் கீழுமாகப் பார்க்கும் கோணங்களுக்கு. கண்ணுக்குக் கண் சமமாக வைத்து எடுப்பதற்கு சங்கம் ஷாட். சங்கத்தில் எல்லாரும் ஒரே தரையில் உட்காருவார்கள் அல்லவா, அதனால்.

இதை வகுப்பில் சொன்ன அடுத்த வாரம் பிள்ளைகள் பள்ளி ஆண்டுவிழா வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். சிறப்பு விருந்தினர் முழுக்கக் கீழிருந்து அண்ணாந்து எடுத்த ஷாட். கீழே வரிசையில் உட்கார்ந்த ஆறாம் வகுப்பு முழுக்க, மேடையிலிருந்து குனிந்து எடுத்த ஷாட். வீடியோகிராபர் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அவர் நின்ற இடம் அப்படி. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை எடுக்கப் போனால் மண்ணில் மண்டியிட்டுத்தான் எடுக்கிறார்கள். யூனிஃபார்ம் அழுக்காகிறது என்று அம்மாக்களிடமிருந்து எனக்குப் புகார் உண்டு.

இப்போது ஒரு பேட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சத்துணவுக் கூடத்து அக்காவைப் பேட்டி எடுக்க மூன்று பேர் போனார்கள். முதல் வாரம் கேட்ட கேள்விகள்:

“அக்கா, இந்த வேலை பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு பாப்பா.”

“கஷ்டமா இருக்கா?”

“அதெல்லாம் இல்ல பாப்பா.”

“பிள்ளைங்க எல்லாம் நல்லா சாப்பிடுறாங்களா?”

“சாப்பிடுறாங்க.”

நாற்பது விநாடியில் பேட்டி முடிந்துவிட்டது. கேள்வி கேட்ட பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். திரும்பி வந்து பதிவைக் கேட்டபோது அவளே சொன்னாள்: “நான் கேட்டதுலயே பதில் இருக்கு சார். அவங்க தலையாட்டினா போதும்.” அதை நான் சொல்லித் தந்திருந்தால் மறந்திருப்பாள். இரண்டு விஷயம் மட்டும் கூடுதலாகச் சொன்னேன். அவர் கை என்ன செய்கிறது என்று கேள். அவர் பேசி முடித்ததும் மனசுக்குள் ஐந்து எண்ணு, அதுவரை வாயைத் திறக்காதே.

அடுத்த சனிக்கிழமை சமையல் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே போனோம். “காலையில வந்ததும் முதல்ல என்னக்கா செய்வீங்க?” என்று கேட்டாள்.

“பானைக்குள்ள பார்ப்பேன்.”

“எதுக்குக்கா?”

“பல்லி கில்லி கிடக்கும்ல.”

பெண் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஹெட்போனில் எனக்கு அடுப்புச் சத்தமும் முட்டை வேகிற பாத்திரத்தில் முட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தமும் மட்டும் கேட்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்த அக்கா கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சமைச்சு முடிச்சதும் நான்தான் முதல்ல திம்பேன். டீச்சரும் திம்பாங்க. அரை மணி நேரம் கழிச்சுத்தான் உங்களுக்கு மணி அடிக்கிறது. எங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா உங்களுக்கும் ஆகாது.”

பெரியவர்கள் சுவைத்துப் பார்த்த பிறகுதான் பரிமாற வேண்டும் என்பது மதிய உணவுக்கு உள்ள விதிதான், உங்களுக்குத் தெரியும். ஆனால் வரிசையில் தட்டோடு நிற்கிற பிள்ளைகளுக்கு, இவ்வளவு நேரம் ஏன் நிற்க வைக்கிறார்கள் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கேமரா பிடித்த பையனின் கை இறங்கிவிட்டது. அந்த வாக்கியத்தின் கடைசிப் பாதியில் படத்தில் இருப்பது அவர் முகம் இல்லை, அவர் கால். அப்படியே வைத்தோம். குரல் சுத்தமாக இருந்தது, அது போதும்.

இருபத்திரண்டு நிமிடப் பதிவு. மூன்று நிமிடத்துக்கு வெட்ட வேண்டும். இங்கேதான் சண்டை வரும். அரிசி பற்றிக் கேட்டபோது அந்த அக்கா, “மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டு மூட்டை வாடை அடிக்கும், அதைத் திருப்பி அனுப்பிருவோம்” என்றார். ஒரு பையன் ‘வாடை அடிக்கும்’ என்பதோடு வெட்டிவிட்டான். நேரம் மிச்சம் என்றான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஒரு கத்திரியில் அந்த அம்மாளின் வேலைக்கே வேட்டு வைத்திருப்பான். அன்றைக்கு மற்ற பாடத்தை நிறுத்திவிட்டு, அந்த ஒரு வெட்டை மட்டும் இரண்டு மணி நேரம் பேசினோம். வாட்ஸப்பில் வரும் எத்தனை வீடியோ இப்படி வெட்டப்பட்டிருக்கும் என்று அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள். நான் ஊடக விழிப்புணர்வு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு வயலின். ‘எங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா’ என்ற இடத்தில் சோக வயலின் வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. பதினொன்றுக்கு ஏழு, நான் தோற்றேன். வயலினோடு அந்த அக்காவுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “பாட்டு எதுக்கு பாப்பா, யாரும் செத்துட்டாங்களா?” வயலின் போய்விட்டது. பாட்டைப் பற்றிச் சொல்லும்போதே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டம் பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் இருக்கும் கூட்டத்தில் பாட்டையோ படத்தையோ போட இடம் தருகிறது. அதே பாட்டை வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றுவது அந்தச் சலுகைக்குள் வராது. பிள்ளைகளையே தாளம் போடச் சொல்லுங்கள், டெஸ்க்குகள் இருக்கின்றன.

யாராவது தடுத்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். அமெரிக்காவில் ஹேசல்வுட் வழக்கு என்று ஒன்று. மிசௌரி மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில், இதழியல் வகுப்புப் பிள்ளைகள் நடத்திய பத்திரிகையின் இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் நீக்கினார். மாணவிகளின் கர்ப்பம், பெற்றோரின் விவாகரத்து பற்றிய கட்டுரைகள். 1988-இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்று தலைமையாசிரியர் பக்கம் நின்றது. தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் பார்த்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். வேறொரு பள்ளி, பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று பிரேயருக்குச் செய்தி தயாரித்தார்கள். தலைமையாசிரியர் நிறுத்தினார். பிள்ளைகள் கொதித்தார்கள், நானும்தான். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏன் வரலைன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களாப்பா?” கேட்கவில்லை. மோட்டார் புகைந்து, காயில் கட்டக் கொடுத்திருந்தார்கள். அதைச் சேர்த்து மறு வாரம் வாசித்தார்கள், அவரும் தடுக்கவில்லை. தண்ணீர் வர இன்னும் பதினேழு நாள் ஆனது. அந்தச் செய்தியால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், மோட்டார் வந்ததால் வந்தது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் ஒரு பையன் விழுந்தான். கால்சட்டை கிழிந்துவிட்டது. எங்கள் வகுப்புப் பையன் அதை எடுத்திருந்தான். அன்றைக்கு இரவே அது பல பேரின் ஸ்டேட்டஸில் ஓடியது. விழுந்த பையன் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. எடுத்தவனைத் திட்டி என்ன பயன்? மெமரி கார்டை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டவன் நான். அதற்குப் பிறகு பதிவுகள் பள்ளிப் பீரோவை விட்டு வெளியே போவதில்லை. படத்தில் இருப்பவர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் காட்டப்படுவதில்லை; பிள்ளைகள் என்றால் வீட்டாரின் கையெழுத்தும் வேண்டும். இதில் சட்டமும் கடுமையாகத்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையையோ, வழக்கில் சிக்கிய குழந்தையையோ அடையாளம் காட்டக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். போக்சோ வழக்குகளுக்கும் அப்படித் தடை உண்டு. ‘முகத்தை மங்கலாக்கிட்டோம் சார்’ என்பார்கள். ஊரில் நடையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள், மங்கலாக்குவது போதாது.

மார்க் உண்டா என்று கேட்பீர்கள். சி.பி.எஸ்.இ.யில் மேல்நிலை வகுப்புகளுக்கு ஊடகவியல் ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. நம் உயர்நிலைப் பள்ளியில் இதற்கு மார்க் இல்லை, இல்லாததால்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்பது என் சந்தேகம். வேலை கிடைக்குமா? தரமணி திரைப்பட நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம், ஒலிப்பதிவுக்கும் தனிப் படிப்பு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அங்கே போகப் போவதில்லை. ஒருத்தி நர்சிங் படிக்கிறாள். நோயாளியிடம் கேள்வி கேட்டுவிட்டு ஐந்து எண்ணுகிறேன் சார் என்று போனில் சொன்னாள்.

வாசலில் கேட்ட டீச்சர் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? சரி. எங்கள் வகுப்பு சனிக்கிழமை பத்து மணிக்கு. பள்ளிக்கூடத்துப் பின்கேட் வழியாக வாருங்கள், முன்கேட்டை வாட்ச்மேன் பூட்டியிருப்பார். உங்கள் பிள்ளைகள் நாலு பேரையும் அழைத்து வாருங்கள். ஹெட்போன் இருந்தால் எடுத்து வாருங்கள். மூன்றாவது ஃபேன் இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எங்கே உட்கார்ந்தால் கேட்கும் என்று எங்கள் பிள்ளைகள் காட்டுவார்கள்.